போணிக்குப் போன பெல்பாட்டம்

கொலோன் தெருவில் காலையில் கடையைத்தான் திறக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. டெலிலா அன்றைக்கு இரண்டையும் ஒன்றாகத் திறந்தாள். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

டெலிலாவுக்கு நாற்பத்தாறு வயது. பிலிப்பைன்ஸ் நாட்டுச் செபு நகரத்தின் அந்தப் பழந்துணிக் கடைத்தெருவில் அவளைத் தெரியாதவர் கிடையாது. ஜப்பானிலிருந்து வந்த மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டால் போதும், பார்க்காமலே எது எழுபதுகளின் சட்டை, எது நேற்றுத் தைத்த போலி என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டுச் சும்மாவும் இருக்க மாட்டாள். "எனக்கு இருக்கிற கண்ணு இந்தத் தெருவுல வேற எவளுக்கு இருக்கு?" என்று எதிர்க்கடைக்குக் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை போடுவாள். உண்மைதான் என்பதால் யாரும் பதில் பேசுவதில்லை.

அன்றைக்குப் பேட்டையில் மாதா திருவிழா. சாயங்காலம் பழைய பாட்டு ஆட்டப் போட்டி. முப்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள், ஆறு ஆறு பேராக, அந்தக் காலத்து டிஸ்கோ பாட்டுக்கு அந்தக் காலத்து உடுப்பில் ஆட வேண்டும். பெயரை யாரும் கேட்க மாட்டார்கள், தலையை எண்ணுவார்கள், உடுப்பைப் பார்ப்பார்கள். ஓர் ஆள் குறைந்தாலும், ஓர் உடுப்பு மாறினாலும் மேடை ஏற விட மாட்டார்கள். டெலிலாவின் கூட்டத்துக்குக் கொலோன் ராணிகள் என்று பெயர். ஒரு காலத்தில் கோப்பை வாங்கிய ராணிகள்தான். ஆனால் கடைசி இரண்டு வருஷமும் துறைமுகத் தாரகைகளிடம் மண்ணைக் கவ்வியிருந்தார்கள். மூன்றாவது முறையும் தோற்றால் கூட்டத்தைக் கலைத்துவிடலாம் என்று ராணிகளே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். கலைந்தால் டெலிலாவுக்கு என்ன மிஞ்சும்? கடை, காலி வீடு, கப்பலில் இருக்கும் புருஷனின் விட்டு விட்டுக் கேட்கும் வீடியோ அழைப்பு. வருஷம் முழுக்க அவள் மூச்சு விடுவதே அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான்.

அவள் கடையின் இரும்புக் கதவைத் தூக்கி, துணிக் கம்பிகளை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ஷீலா மே வந்து நின்றாள். தாரகைகளின் தலைவி. இரண்டு சந்து தள்ளிக் கைப்பேசி உறை விற்கிறவள். முப்பத்தாறு வயது, அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகிற மாதிரி ஒரு நடை. மூத்தவளை மனாங் என்றும் இளையவளை இண்டாய் என்றும் கூப்பிடுவது அந்த ஊர் மரியாதை, சண்டையிலும் அது மாறாது.

"என்ன மனாங், இந்த வருஷமும் ஆடறீங்களா? இல்ல, இடுப்புக்குத் தைலம் தடவிட்டுப் படுத்துடறீங்களா?"

"அடியே இண்டாய், உனக்குப் பால்பல்லு விழறதுக்கு முன்னாடியே நான் மேடை ஏறினவ. சாயங்காலம் வா. உன் கோப்பையைத் தொடைச்சு எடுத்துட்டு வா, அழுக்கா இருந்தா நான் வாங்க மாட்டேன்."

"மனாங் வாய் மட்டும் இன்னும் எழுபதுலயே இருக்கு!"

"என் இடுப்பும் அங்கதான் இருக்கு. வந்து பாரு!"

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் அன்றைய முதல் வாடிக்கையாளன் உள்ளே நுழைந்தான். ஒல்லியான பையன், காதில் ஒரு வளையம், தோளில் பெரிய துணிப்பை. பின்வரிசைக் கம்பியில் எதையோ துழாவினான். மூன்று உருப்படிகளை ஒன்றாகச் சுருட்டிக்கொண்டு வந்து, "மூணும் எவ்வளவு மனாங்?" என்றான். டெலிலாவின் முகம் ஷீலா மே பக்கம் திரும்பியிருந்தது, வாயும் அங்கேதான் இருந்தது. "ஐநூறு" என்றாள். "நானூறு" என்றான். போணி ஆளிடம் பேரம் பேசுகிற கடைக்காரி அந்தத் தெருவிலேயே கிடையாது. "எடுத்துட்டுப் போ டொங், நல்லாயிரு தம்பி!" என்றாள். நோட்டுகளை வாங்கி, போணிக் காசின் ராசி ஒட்டட்டும் என்று தொங்குகிற துணிமேலெல்லாம் தட்டினாள். இந்தக் கம்பி, அந்தக் கம்பி என்று தட்டிக்கொண்டே பின்வரிசைக்குப் போனாள். அங்கே கடைசிக் கொக்கி காலியாக இருந்தது.

டெலிலா அந்த வெறும் கொக்கியைத் தடவிப் பார்த்தாள்.

அந்தக் கொக்கியில்தான் அவளுடைய ஆட்ட உடுப்பைத் தொங்கவிட்டிருந்தாள். ராத்திரி ஆவி இஸ்திரி போட்டுச் சுருக்கம் போக விட்டிருந்தது. கழுத்திலிருந்து கால்வரை ஒரே துணி. ஆரஞ்சு நிறத்தில் பெரிய பெரிய பழுப்பு வட்டம், கீழே யானைக் காது அகலத்துக்குப் பெல்பாட்டம். ஒரு ஜப்பானிய மூட்டையில் வந்த திரைச்சீலையை வெட்டி ஆறு பேருக்கும் தைத்தது. அந்தத் திரைச்சீலையில் ஒரு முழம்கூட மிச்சம் இல்லை, உலகத்தில் வேறெங்கும் கிடைக்கப் போவதும் இல்லை.

"நிம்ஃபா!" என்று அவள் போட்ட சத்தத்தில் நாத்தனார் நிம்ஃபா கையிலிருந்த புசோவைக் கீழே போட்டுவிட்டாள். தென்னங்குருத்துப் பொட்டலச் சோறு வாசற்படியில் உருண்டது. நிம்ஃபாவும் ராணிகளில் ஒருத்தி. ஆறு பேரிலும் உருவத்தில் சின்னவள், தையலில் கெட்டிக்காரி.

"என்ன மனாங், பாம்பா?"

"என் உடுப்பை வித்துட்டேன்டி."

"யாரு?"

"நான்தான்! நானே! என் கையால! போணிக்கு!"

நிம்ஃபா சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டாள். அப்புறம் டெலிலாவின் முகத்தைப் பார்த்து ஏசுவே மரியே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நல்லவேளையாக ஷீலா மே அதற்குள் போய்விட்டிருந்தாள்.

டெலிலா நெற்றியில் அடித்துக்கொண்டதெல்லாம் ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். அழுது உட்காருகிற ஜாதி இல்லை அவள். "அவன் போட்டுக்க வாங்கினவன் இல்லடி. ஓரக்கண்ணால பாத்தேன், துணி எதுன்னுதான் கவனிக்கல, ஜிப்பை இழுத்துப் பாத்தான், பித்தளையா பிளாஸ்டிக்கான்னு. திருப்பி விக்கிறவன்தான் ஜிப்பைப் பாப்பான். அப்படிப்பட்டவன் ஒரு கடையோட நிக்க மாட்டான். வா, புடிச்சிடலாம். இந்த ஊர்ல பழசு எங்க போய்ச் சேரும்னு எனக்குத் தெரியாதா?"

கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள். முதலில் சந்துக்குள் இருக்கும் தோல்பைக் கடைகள். அங்கே ஒருத்தி, காது வளையப் பையனா, ஆமாம், இப்பத்தான் ஒரு பெல்ட் வாங்கினான், கண்ணாடி டம்ளர் எங்க கிடைக்கும்னு கேட்டான் என்றாள். கண்ணாடி டம்ளர் என்றால் ஜப்பான் சரக்குக் கிடங்கு. கிடங்கு என்றால் துறைமுகச் சாலை. ஜீப்னியில் தொற்றிக்கொண்டு போனார்கள். வெயில் ஏறிவிட்டது, கடல் காற்றிலும் வேர்த்தது. ஊர்வலத்துக்காகத் தெருவின் பாதியை அடைத்திருந்ததால் வண்டி நகரவே இல்லை. டெலிலா பாதி வழியில் இறங்கி நடந்தாள். அவள் நடைக்கு நிம்ஃபா ஓட வேண்டியிருந்தது.

கிடங்கில் மலைமாதிரி ஜப்பானிய வீட்டுச் சாமான். சோற்றுப்பானை, மீன் தொட்டி, கை ஒடிந்த பொம்மை, யாரோ வாங்கிய பந்தாட்டக் கேடயம். அதற்கு நடுவே தெருவே மனோய், அதாவது அண்ணன், என்று கூப்பிடும் பெர்டிங் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். அந்த நாற்காலியும் விற்பனைக்குத்தான், ஆனால் அவர் எழுந்தால்தானே யாராவது வாங்குவார்கள்.

"டெலிலாவா! என்னைக் கட்டிக்க மனசு மாறிடுச்சா?"

"உங்களைக் கட்டிக்கிட்டா உங்களையும் ஏதாவது மூட்டையில போட்டுத் தப்பா வித்துடுவேன் மனோய். காதுல வளையம் போட்ட பையன் வந்தானா?"

"ரென்சோவா? டம்ளர் வாங்கினான். கீழே போட்டா உடையற டம்ளருக்கு, தூக்கிப் பாத்துப் பாத்து அரை மணி நேரம். மேல்நகரத்துல பல் டாக்டர் மாடியில கடை வெச்சிருக்கான். மத்தியானம்தான் திறப்பான், துரை."

பல் டாக்டர் மாடி என்பது இருட்டுப் படிக்கட்டும் பழைய மரத் தரையும் கொண்ட கட்டடம். மேலே போனால் கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர்சாதனம். டெலிலாவின் கடையில் கம்பிக்கு அறுபது சட்டை நெருக்கியடிக்கும். இங்கே ஒரு சட்டைக்கு ஒரு கொக்கி, ஒரு கொக்கிக்கு ஒரு விளக்கு. மூட்டையில் மூஞ்சி நசுங்கிக் கிடந்த சட்டையை இங்கே மணப்பெண் மாதிரி நிற்க வைத்திருந்தான். டெலிலாவுக்கு எரிச்சலும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது. பாதிக்கு மேல் அவள் தெருவில் வாங்கின சரக்கு.

ரென்சோ கையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு டம்ளர்மேலும் சட்டைமேலும் தட்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் முதல் வியாபாரம் முடிந்திருந்தது. வாங்கியவள் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். அவள் கைமேல் ஆரஞ்சு நிறத்தில் பழுப்பு வட்டம் போட்ட துணி தொங்கியது.

அவள் திரும்பினாள். மனாங் புரிங்.

இந்த ஊரில் அத்தனை பேர் இருக்கும்போது இவளா வந்து நிற்க வேண்டும்! புரிங்தான் ராணிகள் கூட்டத்தை ஆரம்பித்தவள். ஐம்பத்தொன்பது வயது, அகலமான உடம்பு, சந்தையில் மாம்பழம் விற்ற குரல். கோப்பை வாங்கிய வருஷம் நடுவில் நின்று ஆடியவள் அவள்தான். அடுத்த வருஷ ஒத்திகையில் டெலிலா எல்லார் முன்னாலும், "மனாங், உன் முட்டி மடங்கல, பின்னால போய் நில்லு" என்று சொன்னாள். அன்றைக்கே புரிங் உடுப்பைக் கொண்டுவந்து டெலிலாவின் கடையில் வீசிவிட்டுத் தாரகைகளிடம் போய்ச் சேர்ந்தாள். வீசிய அந்த உடுப்பைத்தான் டெலிலா தன் அளவுக்குப் பிடித்துத் தைத்துக்கொண்டு, நடுவிலும் நின்றுகொண்டாள்.

"என் உடுப்பை எனக்கே விக்கிறாங்க பாரு" என்றாள் புரிங். "தெருவிலேயே பெரிய கண்ணுன்னு சொல்லுவியே இண்டாய், இன்னிக்கு அதை எந்த மூட்டையில போட்ட?"

டெலிலா நேரே ரென்சோவிடம் போனாள். "டொங், இதை நான் தெரியாம உனக்கு வித்துட்டேன். சாயங்காலம் எனக்கு மேடை. அவங்க காசைத் திருப்பிக் குடு. நீ சொல்ற விலைக்கு நான் எடுத்துக்கறேன்."

ரென்சோ தலையைச் சொறிந்தான். "மனாங், அவங்க போணி."

"இருந்தா?"

"எங்கம்மா தபோவான் சந்தையில கருவாடு விக்கிறாங்க. போணி பண்ணினவங்க கையில இருந்து சரக்கைப் புடுங்கினேன்னு தெரிஞ்சுது, என்னையும் கீறி உப்புப் போட்டுக் காய வெச்சிடுவாங்க."

டெலிலாவாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். விளக்குக்கு விளக்கு, குளிர்சாதனத்துக்குக் குளிர்சாதனம் வைத்திருந்தாலும் பையன் கடைக்காரி பெற்ற பிள்ளை. இனி பேச வேண்டியது புரிங்கிடம்தான்.

"சரி மனாங். என்ன வேணும், சொல்லு. என் கடையில எது வேணும்னாலும் எடுத்துக்க. போன மாசம் ஒரு தோல் ஜாக்கெட் வந்துச்சு, அதைத் தரேன்."

"எனக்கு எதுக்குத் தோல் ஜாக்கெட்? வெயில்ல வேகவா?"

"அப்ப இதை வெச்சு என்ன பண்ணப் போற? போட்டுக்கிட்டு மீன் பொரிப்பியா? இதைப் போட்டுட்டு உன் தாரகைங்களோட ஏற முடியாது. அவங்களுக்கு வெள்ளி உடுப்பு."

புரிங் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அவங்களோட நான் ஏறல" என்றாள். "நேத்து ஒத்திகையில ஷீலா மே சொன்னா. மனாங், நீங்க கீழ நாற்காலியில உக்காந்து எங்களை உற்சாகப்படுத்துங்கன்னு. உன்னை மாதிரி கத்தல. சிரிச்சுக்கிட்டே, நாற்காலியைத் துடைச்சுப் போட்டுச் சொன்னா. நீ சொன்னப்பக் கோவம்தான் வந்துச்சு. அவ சொன்னப்ப எனக்கு வயசாயிடுச்சுன்னு தெரிஞ்சுது." குரல் உடைந்தது. அதை மறைக்க இன்னும் சத்தமாகப் பேசினாள். "காலையில வீட்டுல உக்கார முடியல. திருவிழா அன்னிக்குச் சுவரைப் பாத்துக்கிட்டு எப்படி உக்கார்றது? கடை கடையா சுத்திட்டு இங்க படியேறினேன். கண்ணாடிக்குப் பின்னால இது தொங்குது. எனக்கு இது வேணும். நான் ஆடணும். உங்க கூட்டத்துல, நடுவுல."

"நடுவுலயா?"

"நடுவுல. பின்னால நிக்கறதுக்கா இந்த வெயில்ல வந்தேன்?"

ஆறு உடுப்பு, ஏழு பெண்கள். டெலிலாவுக்குக் கணக்கு உடனே புரிந்தது. நிம்ஃபாவுக்கும் புரிந்தது. "நான் வேணும்னா விட்டுக்குடுக்கறேன் மனாங்" என்றாள் அவள், மெல்லிய குரலில்.

டெலிலா அவளைப் பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், சரி என்று சொல்ல நாக்கு துடித்தது. நிம்ஃபாவின் உடுப்புக்குள் தன் ஒரு கால்கூட நுழையாது என்பது வேறு விஷயம். அப்படி நினைத்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது. "வித்தவ நான்" என்றாள். "நீ எதுக்குடி விட்டுக்குடுக்கணும்?"

தன்னுடைய ஒரு சாயங்காலம். அதைத் தூக்கி இந்த மாம்பழக் குரலின் கையில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ராணிகள் இன்றைக்கே கலைந்துவிடுவார்கள், யாருக்கும் எந்தச் சாயங்காலமும் இருக்காது. கத்தவேண்டும்போல் இருந்தது. கத்தவும் செய்தாள்.

"அப்ப இப்படி நின்னுட்டே இருந்தா எப்படி? இதை உன் அளவுக்குப் பிரிக்க வேணாமா? நிம்ஃபா, கத்தரி எங்க? டொங், கதவைச் சாத்து!"

பழந்துணிக்காரி எந்தத் துணியையும் வெட்டிக் குறைக்க மாட்டாள். உள்ளே மடித்துத்தான் தைப்பாள், நாளைக்கு யார் உடம்புக்குப் போகுமோ யார் கண்டது. டெலிலாவும் அப்படித்தான் தைத்திருந்தாள். விலாவிலும் இடுப்பிலும் நூலைப் பிரித்தபோது மறைந்திருந்த ஆரஞ்சுத் துணி விரல் விரலாக வெளியே வந்தது. உள்ளே இருந்த பாகம் வெளுக்காமல் பளிச்சென்று இருந்தது. "மேடை விளக்குல தெரியாது, விடு" என்றாள் நிம்ஃபா, வாயில் ஊசியோடு. ரென்சோ பாட்டைக் கைப்பேசியில் போட்டான். பாட்டு அதே பழைய பாட்டு, டெலிலா அதை மாற்றவே இல்லை. மாற்றியது இரண்டு திருப்பம் மட்டும். அதை மரத் தரையில் புரிங்குக்கு ஆடிக் காட்டினாள்.

"இந்த இடத்துல எல்லாரும் ஒரு முட்டியைத் தரையில ஊனணும். நடுவுல நிக்கிறவ கடைசியா."

"அது நடக்காது."

"மனாங்!"

"முட்டி என் கவலை. நீ மத்த அஞ்சு பேரைச் சரியா விழச் சொல்லு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே ஆடினார்கள். தரை அதிர்ந்ததில் கீழே பல் பிடுங்கிக்கொண்டிருந்த டாக்டரே மாடி ஏறி வந்துவிட்டார்.

சாயங்காலம் பேட்டைத் திடலில் நிற்க இடமில்லை. டெலிலா சாதாரணச் சட்டையில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றாள். ராணிகள் ஏறினார்கள். தலையை எண்ணினார்கள், ஆறு. உடுப்பைப் பார்த்தார்கள், ஒரே மாதிரி. பாட்டு ஆரம்பித்தது.

அவள் அந்த ஆட்டத்தை இதுவரை ஒருமுறைகூடக் கீழே நின்று பார்த்ததில்லை. முதல் வரியிலேயே நான்காவது ஆள் அரை அடி தள்ளி நிற்பது கண்ணில் பட்டது, கத்தினாள். இரண்டாவது திருப்பம் நெருங்க நெருங்க அவள் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டாள். வந்துவிட்டது. ஐந்து பேரும் ஒரு முட்டியை ஊன்றி விழுந்தார்கள். புரிங் விழவில்லை. நடுவில் நிமிர்ந்து நின்றாள். அந்த அகலமான தோளை மெதுவாக, மிக மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள், ஒரு விரலை நீட்டி மொத்தத் திடலையும் வாங்க என்று கூப்பிட்டாள். திடல் பிளந்தது. விசில், கூச்சல், தாரகைகளின் புருஷன்மார்கூட நாற்காலிமேல் ஏறி நின்றார்கள்.

டெலிலாவுக்கு வயிறு எரிந்தது. அது தன் இடம். அதே சமயம் இன்னொன்றும் தெரிந்தது, தெரியாத மாதிரி நடிக்க அவளால் முடியவில்லை. அந்த முட்டி மடங்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. நடுவில் நிற்பவள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். மூட்டைக்குள் கையை விட்டுத் துணியைச் சொல்கிறவளுக்கு, எதிரே நின்ற மனுஷியைப் பார்க்கத் தெரியவில்லை. இதை நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு, "விடாத மனாங்! விடாத!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

கோப்பை ராணிகளுக்கு என்று அறிவித்தார்கள். தலைவி மேடைக்கு வரவும் என்றார்கள். மேடையில் ராணிகள் டெலிலாவைத் தேடிக் கையை ஆட்டினார்கள். அவள் நகரவில்லை.

வெள்ளி உடுப்பில் வியர்வை வழிய ஷீலா மே பக்கத்தில் வந்து நின்றாள். "தலைவியைக் கூப்பிடறாங்களே மனாங், ஏறலையா? இன்னிக்கு ஆடவும் இல்ல. இடுப்பு புடிச்சுக்கிச்சா?"

"கண்ணு தெரியலையா உனக்கு? தலைவிதான் நடுவுல நின்னு ஆடினாளே" என்றாள் டெலிலா. "நேத்து வரைக்கும் உன்கிட்டதான் இருந்தா. அதுக்கு முன்னாடி என்கிட்ட இருந்தா. போய் ஓரமா இருன்னு முதல்ல சொன்னவ நான், எனக்கு ரெண்டு கோப்பை போச்சு. நேத்து நீ சொல்லியிருக்க. உனக்கு எத்தனை போகுதுன்னு எண்ணிக்கிட்டே இரு."

சொல்லிவிட்டு, கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மேடைப் பக்கம் நடந்தாள்.